காவிரிக் கரையில் கதை வளர்ந்த கதை

சென்ற ஆண்டு என்னிடம் இயற்பியல் பயின்ற மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர், செய்முறைப் பதிவேட்டில் கையொப்பம் வாங்க வந்தபோது, அதனுள் நான்காக மடித்த சில தாள்களையும் வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தேன். கதை! பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர் அவர். பள்ளிப்படிப்பு முழுவதும் தமிழ்வழி. வகுப்பில் வாய் திறக்காதவர். கதையைத் தமிழாசிரியரிடம் காட்டக் கூச்சமாக இருந்ததாம்; ஆகவே என்னிடம் கொண்டு வந்தாராம். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கதை எளியது. முறைப்பாசனக் காலம். குத்தகை நிலம் வைத்திருக்கும் உழவர் ஒருவர், தமக்குரிய முறை நள்ளிரவில் வருவதால், மடையைத் திறக்க வரப்பில் நடந்து போகிறார். பள்ளியில் படிக்கும் மகன் பின்னால் போகிறான். மடை ஏற்கெனவே அடுத்த வயல்காரரால் திருப்பப்பட்டிருக்கிறது. அப்போது கிழக்கே முழுநிலா உதயமாகிறது. அந்த ஒளியில் தந்தையின் கண்ணீரை மகன் பார்க்கிறான்.

“நள்ளிரவில் முழுநிலா உதிக்காதே, தம்பி!” என்றேன். முழுநிலா என்றால் பூமிக்கு ஒரு பக்கம் கதிரவன், எதிர்ப்பக்கம் சந்திரன். ஆகவே மாலையில் கதிரவன் மறையும் நேரத்தில்தான் அது உதிக்கும். நள்ளிரவில் உச்சிக்கு அருகில் இருக்கும். பிறகு நாள்தோறும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து எழும். நள்ளிரவை ஒட்டி உதிக்கும் நிலவு வேண்டுமானால் தேய்பிறை அட்டமி வரையில் காத்திருக்க வேண்டும். அது அரை நிலா.

அவர் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “கதைதானே, ஐயா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கதைதானே! உண்மைதான். ஆனால் கதை என்பதை உரைநடையில், தாளில், கண்முன் காண்பதுபோல் எழுதலாம் என்பதே தமிழில் மிகப் பழைய வழக்கம் அன்று. அந்த வழக்கம் உருவான இடங்களில் பல, அந்த மாணவரின் ஊரிலிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கிவிடும். அவற்றைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை. இயற்பியல்காரனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நாம் அறிவியலைத் தமிழில் எழுதும் உரைநடையும், கதை எழுதும் உரைநடையும் ஒரே தறியில் நெய்யப்பட்டவை. அதை நெய்தவர்கள் யார் என்று அறிந்துகொள்வதில் நமக்கும் பங்குண்டு.

ஏடும் எழுத்தாணியும்

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தைப் பார்த்தவர்கள் பனையோலைச் சுவடிகளைக் கண்ணாடிப் பேழைக்குள் பார்த்திருப்பீர்கள். வரிகளுக்கிடையே பத்தி இல்லை. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. மெய்யெழுத்தின்மேல் புள்ளியும் பெரும்பாலும் இல்லை. ஏன்?

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். எழுத்தாணி முனையின் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் கை 100 கிராம் எடைக்குச் சமமான விசையை, அதாவது ஏறத்தாழ ஒரு நியூட்டன் விசையைச் செலுத்தினால், ஓலைமீது ஏற்படும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய நூறு மடங்காகும். முனை நகர்ந்துகொண்டே இருந்தால் ஓலையின் மேற்பரப்பில் கீறல் விழும். ஒரே இடத்தில் நிறுத்திக் குத்தினாலோ ஓலை துளைபடும். புள்ளி என்பது நிறுத்திக் குத்துவதுதானே! ஏடெழுதியவர்கள் புள்ளியைத் தவிர்த்ததற்கு இதுவே காரணம் என்று கூறுவர். (வட்ட வடிவ எழுத்துகள் தோன்றியதற்கும் ஓலையே காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. தமிழில் நேர்கோடுகள் தாராளமாக உள்ளனவே என்று எண்ணும்போது அது எனக்கு முழு நிறைவைத் தரவில்லை.)

விளைவு என்ன? பழைய ஏட்டில் ரகரமும் ஆகாரத்துக்குரிய காலும் ஒரே வடிவம். எகர ஒகரங்களுக்குக் குறில் நெடில் வேறுபாடும் தெரியாது. ஆகவே ஏட்டில் ஒரு சொல்லைப் ‘பால்’ என்றும் படிக்கலாம். ‘பரல்’ என்றும் படிக்கலாம். ‘தென்’ என்பதா ‘தேன்’ என்பதா என்பதையும் படிப்பவரே முடிவு செய்ய வேண்டும்.

இங்குதான் செய்யுளின் பயன் தெரிகிறது. செய்யுளில் சீரும் தளையும் அளவுபட்டவை. அடிதோறும் எதுகை ஒத்து வரவேண்டும். ‘பால்’ என்று ஓதினால் ஓசை தட்டுகிறது, ‘பரல்’ என்றால் பொருந்துகிறது என்று புலவர் கண்டுகொள்வார். இன்று கணிப்பொறிச் செய்திகளில் பிழை கண்டறிவதற்கென்று சில கூடுதல் குறிகளைச் சேர்த்து அனுப்புகிறார்கள் அல்லவா? யாப்பு நம் முன்னோருக்கு அப்படியொரு காவல். மனப்பாடம் செய்ய எளிது என்பது மட்டும் அன்று. படியெடுக்கும்போது நுழையும் பிழையைக் காட்டிக் கொடுப்பதும் அதுவே. உரைநடைக்கு இந்தக் காவல் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் 1880இல் தமிழாசிரியராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், சிந்தாமணியை 1887இல் அச்சிட்டு முடிப்பதற்குள் பட்ட பாட்டைப் படித்தால், செய்யுளுக்கே அந்தக் கதி என்றால் உரைநடை எப்படிப் பிழைத்திருக்கும் என்று தோன்றும்.

உரைநடையே இல்லை என்று சொல்ல வரவில்லை. இலக்கணத்துக்கும் இலக்கியத்துக்கும் உரை எழுதியோர் உயர்ந்த உரைநடை எழுதினர். கணக்கர்கள் எழுதினர். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பே எழுதினார். ஆனால் கதை சொல்ல வேண்டும் என்றால் கை செய்யுளுக்குப் போயிற்று. அல்லது வாய்வழியே பாட்டியிடமும் கூத்துக்காரரிடமும் நின்றது.

ஆறு தூங்குகிறதா?

தஞ்சைக்கு வடக்கே கொள்ளிடத்தைக் கடந்தால் ஏலாக்குறிச்சி. இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680-1747) அங்கு நெடுங்காலம் தங்கியிருந்தார். எகர ஒகரங்களுக்குக் குறில் நெடில் வேறுபாடு தெரியும்படி எழுத்தைத் திருத்தியவர் அவர். எழுத்தின் மயக்கத்தைத் தீர்த்தவரே பேச்சுத் தமிழையொட்டிய உரைநடையில் ஒரு கதையும் எழுதினார் என்பதை நான் தற்செயல் என்று கருதவில்லை. அதுதான் ‘பரமார்த்த குருவின் கதை’. தமிழ் கற்க வந்த பாதிரிமார்களின் பயிற்சிக்காக எழுதப்பட்டது. பின்னர் 1822இல் லண்டனில் அச்சாயிற்று.

முதற்கதையை நீங்கள் சிறுவயதில் கேட்டிருப்பீர்கள். குருவும் ஐந்து சீடர்களும் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆறு விழித்திருந்தால் ஆபத்து. ஆகவே ஒரு சீடன் கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்க்கிறான். சுர்ரென்று சீறிப் புகை கிளம்புகிறது. ஆறு விழித்திருக்கிறது! காத்திருக்கிறார்கள். பிறகு அதே கட்டையை, அணைந்து நனைந்துபோன கட்டையை, மீண்டும் நீரில் வைக்கிறான். சத்தம் இல்லை. ஆறு தூங்கிவிட்டது! கடக்கிறார்கள். அக்கரையில் எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஓர் ஆளை ஆறு கொண்டுபோய்விட்டது என்று அழுகிறார்கள்.

செய்முறை வகுப்பு நடத்துகிற எவரும் இதைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருக்க முடியாது. தமிழில் எழுந்த முதல் உரைநடைக் கதைகளில் ஒன்று ஒரு சோதனையைச் சொல்கிறது! கருதுகோள் உண்டு, கருவி உண்டு, அளவீட்டை இருமுறை செய்ததும் உண்டு. இரண்டாம் முறை கருவியின் நிலை மாறிவிட்டது என்பதை மட்டும் கவனிக்கவில்லை. முதன்முறை கட்டையின் நுனி சில நூறு பாகை வெப்பத்தில் இருந்தது, பட்ட நீர் நொடியில் ஆவியாயிற்று, அதனால் ஒலி. இரண்டாம் முறை கட்டையும் ஆறும் ஒரே வெப்பநிலை. ஆற்றைச் சோதித்ததாக அவர்கள் எண்ணினர். உண்மையில் சோதித்தது கட்டையை. பின்னர் எண்ணிக்கையில் நேர்ந்ததோ, நோக்குபவன் தன்னைக் கணக்கில் சேர்க்காத பிழை. என் மாணவர்கள் வெப்பமானியை உதறாமலே இரண்டாம் அளவீடு எடுத்துவிட்டு வரும்போது எனக்கு இந்தக் கட்டைதான் நினைவுக்கு வருகிறது.

எழுதும் முறையைக் கவனியுங்கள். சீடர்கள் எவ்வளவு அறிவிலிகள் என்று ஆசிரியர் விளக்கிக்கொண்டு நிற்பதில்லை. அவர்கள் செய்ததை வரிசை மாறாமல் சொல்கிறார். முதலில் இது, பிறகு இது என்று. (மட்டி, மடையன், பேதை என்று பெயரிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாரே என்றால், அது வேறு!) ஆற்றங்கரை, கட்டை, சீறும் ஒலி ஆகிய மூன்றும் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டால் சிரிப்பை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம்.

தாளும் ஈயமும்

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே கடற்கரையில் வேறொரு வேலை தொடங்கியிருந்தது. தமிழ் எழுத்தில் நூல் முதலில் அச்சேறியது 1578இல் கொல்லத்தில். ஆனால் அந்த முயற்சி தொடர்ந்து நிலைக்கவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, சில ஆண்டுகளில் அச்சகத்தை நிறுவினார். ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, தாளை விழுங்கின. ஆகவே பக்கத்திலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பொறையாற்றில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி வெளிவந்தது. அச்சில் புள்ளி வைக்க யாரும் ஓலை கிழியுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. இடைவெளி விடலாம். நாளடைவில் காற்புள்ளியும் கேள்விக்குறியும் மேற்கோள் குறியும் வந்தன. ‘அவன் சொன்னான்’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லாமலேயே இரண்டு பேரைப் பேச வைக்க முடிந்தது இந்தக் குறிகளால்தான். நாவலுக்கு இது சிறிய செய்தியன்று.

நாட்டவர் உரிமம் பெறாமல் அச்சகம் நடத்தலாம் என்ற நிலை 1835இல் வந்தது. அதன் பின்னரே தமிழ்ப் புத்தகங்கள் பெருகின. ஆனால் அச்சேறியவற்றுள் மிகுதி, பழைய செய்யுளும் பள்ளிப் பாடமும்தான்.

மாயூரத்து முன்சீப்

அடுத்த அடி எடுத்து வைத்தவர் ஒரு நீதிபதி. திருச்சியை அடுத்த குளத்தூரில் 1826இல் பிறந்த ச. வேதநாயகம் பிள்ளை, நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பிறகு முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று இந்தப் பகுதியிலேயே வேலை பார்த்தார். மாயூரம் என்பது இன்றைய மயிலாடுதுறை. ஓய்வுக்குப் பின்னும் அங்கேயே தங்கி 1889இல் மறைந்தார். அவருடைய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சேறியது. தமிழின் முதல் நாவல் என்று அதைக் குறிப்பிடுகிறோம்.

இந்த நூலைப் பள்ளியில் ஒரு மதிப்பெண் வினாவாக மட்டும் அறிந்திருந்தேன். முழுவதும் படித்தது சென்ற கோடை விடுமுறையில்தான். செல்வர் வீட்டுப் பிள்ளை பிரதாபனும் அவன் மாமன் மகள் ஞானாம்பாளும் மணந்து, பிரிந்து, சேர்கிறார்கள். இடையில் ஞானாம்பாள் ஆண் உடையில் சென்று ஒரு நாட்டுக்கு அரசியாகவே, இல்லை, அரசனாகவே ஆகிவிடுகிறாள்! கதைக்குள் கதை, அதற்குள் இன்னொரு கதை, நடுநடுவே நீண்ட அறிவுரைகள். இன்றைய வாசகருக்குப் பொறுமை வேண்டும் என்பதை மறைக்க விரும்பவில்லை. நாயகனைவிட நாயகியே உயிருள்ளவளாக இருக்கிறாள் என்பது என் கருத்து. பெண்கல்விக்காக 1869இலேயே எழுதியவர் கைப்பட்ட பாத்திரமல்லவா!

என்னைக் கவர்ந்தது வேறு. நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் திரட்டி ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் 1862இல் வெளியிட்டவர் இவர். நாவலுக்குப் பதினேழு ஆண்டு முன்பு! தீர்ப்பு என்பது என்ன? இன்னாருக்கும் இன்னாருக்கும் இன்ன நிலம் பற்றி வழக்கு, இவர் இப்படிச் சொன்னார், சாட்சி அப்படிச் சொன்னார், இரண்டும் ஒத்துவரவில்லை, ஆகவே இது முடிவு. யார், எங்கே, எப்போது, எதைக் கண்ணால் கண்டார், எதைக் காதால் கேட்டார் என்று பிரித்துச் சொல்லாமல் தீர்ப்பு எழுத முடியாது. அதை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போது யாப்பு உதவாது, எதுகை உதவாது. வாக்கியம் தன் காலில் நிற்க வேண்டும். அப்படி நிற்கப் பழகிய வாக்கியங்கள்தாம் பிறகு நாவலில் நடந்தன என்று நான் நினைக்கிறேன். இதை ஆவணம் காட்டி மெய்ப்பிக்க என்னால் இயலாது. ஆனால் நாவலில் வழக்குமன்றக் காட்சிகள் வரும் இடங்களைப் படித்தால் உங்களுக்கும் அப்படித் தோன்றக்கூடும். தமிழறிந்த நீதிபதி முன்னால், தமிழ் மட்டுமே அறிந்த கட்சிக்காரனுக்காக, வழக்கறிஞர் ஆங்கிலத்தில் முழங்குவதை அவர் எள்ளி நகையாடும் பகுதி, நூற்றைம்பது ஆண்டு நெருங்கியும் காரம் குறையவில்லை.

தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்கவே இதை எழுதியதாக அவரே முன்னுரையில் சொல்கிறார். நீதிநூல் என்று 1859இல் செய்யுளும் எழுதியவர் அவர். செய்யுள் கைவராமல் உரைநடைக்கு வந்தவர் அல்லர். இரண்டு ஆயுதமும் கையில் இருந்தபோது இதைத் தேர்ந்தெடுத்தார்.

நூல் வெளிவந்த ஆண்டையும் நினைத்துப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. அந்நாளில் தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றியவர் இவர். பஞ்சம் ஓய்ந்த அடுத்த ஆண்டே இந்தச் சிரிப்பும் செல்வமும் நிறைந்த புத்தகம் அச்சிலிருந்து வெளிவருகிறது. பசியைப் பற்றி அவர் பாட்டில் எழுதினார். உரைநடைக் கதை அதை ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு இன்னும் முதிரவில்லை போலும்.

முதிர ஐம்பது ஆண்டுகள் ஆயின. இடையில் மன்னார்குடிப் பக்கத்து வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் (1880-1942) ஆங்கில மர்மக் கதைகளைத் தழுவி ‘மேனகா’, ‘கும்பகோணம் வக்கீல்’ போன்றவற்றை எழுதித் தள்ளினார். மக்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். இலக்கிய வரலாறுகள் அவருக்கு ஒரு வரி கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. நானும் அதையே செய்கிறேன். ஆனால் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாதபடி செய்வதும் ஒரு கைத்திறனே.

ஒளி மங்கிய கண்

‘மணிக்கொடி’ 1933இல் தொடங்கிற்று. தொடங்கிய மூவரில் ஒருவரான வ. ரா., திருவையாற்றை அடுத்த திங்களூர்க்காரர். 1935இல் பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் அது சிறுகதைப் பத்திரிகையாக மாறிற்று. அதில் எழுதியவர்களில் கும்பகோணத்துக்காரர்கள் இருவர் நண்பர்கள். அடுத்தடுத்து, 1900இலும் 1902இலும் பிறந்தவர்கள். ந. பிச்சமூர்த்தியும் கு. ப. ராஜகோபாலனும்.

கு. ப. ரா. வருவாய்த்துறையில் மேலூரில் வேலை பார்த்து வந்தார். முப்பது வயதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே கண்ணில் புரை விழுந்தது. கண் வில்லை என்பது நீரும் புரதமும் செறிந்த ஒரு தெளிந்த பொருள். அந்தப் புரதங்கள் திரண்டுவிட்டால், ஒளிக்கதிர் நேரே செல்லாமல் சிதறுகிறது. பாலில் நீர் கலந்து அதன் ஊடே விளக்கைப் பார்ப்பதுபோல் எல்லாம் வெண்மூட்டம். வேலையை விட வேண்டியதாயிற்று. அந்நாளில் அவர் சொல்லச் சொல்ல, தங்கை கு. ப. சேது அம்மாள் எழுதினார் என்று அவரை அறிந்தோர் கூறியுள்ளனர். சேது அம்மாளும் பின்னர் எழுத்தாளரானார். அறுவைச் சிகிச்சையால் பார்வை மீண்டது. ஆனால் வாழ்நாள் நீளவில்லை. 1944இல், 42 வயதில் மறைந்தார்.

வாயால் சொல்லி எழுதியதால்தான் அவர் நடை அப்படி அமைந்தது என்று நான் முடிவு கட்ட மாட்டேன். ஒரே ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விதி வகுப்பது நம் தொழிலுக்கு அழகன்று. ஆனால் ‘விடியுமா?’ என்ற கதையைப் படித்துப் பாருங்கள். சென்னையில் உள்ள கணவனின் உடல்நிலை மோசம் என்று தந்தி வருகிறது. மனைவியும் அவள் தம்பியும் இரவு ரயிலில் புறப்படுகிறார்கள். கதையின் பெரும்பகுதி அந்த ஓர் இரவுதான். பெரிய நிகழ்ச்சி ஏதும் இல்லை. சகபயணிகளின் பேச்சு, இவர்களின் பேச்சு, பேச்சு நின்றுபோகும் இடங்கள். எல்லாம் காதுக்குரியவை. கணவன் என்ன ஆனான் என்பது சென்னையில் எப்போதோ முடிவாகிவிட்ட செய்தி. ஆனால் அது இந்தப் பெட்டிக்குள் இன்னும் வந்து சேரவில்லை. தொலைவில் அணைந்துபோன விண்மீனின் ஒளியை நாம் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று வகுப்பில் சொல்வேன். அதை விளக்க ‘விடியுமா?’ கதையைச் சொல்லிப் பார்த்தேன் ஒருமுறை. வகுப்பு அமைதியாகிவிட்டது, அதற்குப்பின் அன்று பாடம் நடக்கவில்லை.

மௌனி என்ற புனைபெயருக்குரியவர் செம்மங்குடியில் 1907இல் பிறந்தவர், கணிதப் பட்டதாரி! சிதம்பரத்தில் வாழ்ந்து 1985இல் மறைந்தார். வாழ்நாளில் எழுதிய கதைகள் இருபத்தைந்துக்கும் குறைவு. அவற்றை நான் இரண்டுமுறை படித்தேன். மூன்றாம் முறையும் படிக்க வேண்டியிருக்கிறது. எம். வி. வெங்கட்ராம் (1920-2000) கும்பகோணத்துப் பட்டு நெசவுச் சமூகத்திலிருந்து வந்தவர்; சரிகை வணிகம் செய்து பார்த்தவர். அவருடைய ‘காதுகள்’ நாவல் 1993இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. காதுக்குள் இடைவிடாமல் குரல்கள் கேட்கும் ஒருவனின் கதை. காற்றில் அதிர்வே இல்லை. ஒலியளவி எதையும் காட்டாது. ஆனால் கேட்பவனுக்கு அது ஒலிதான். இயற்பியல் கைவிட்டுவிடும் அந்த இடத்தில், நாள், இடம், குரலின் தன்மை என்று குறிப்பு எடுப்பதுபோல் அவர் எழுதிக்கொண்டே போகிறார். தம் சொந்தத் துன்பமே அந்நூலுக்கு அடிப்படை என்பதை அவர் மறைக்கவில்லை.

ஒரு ஆரஞ்சுப் பழம்

தி. ஜானகிராமன் (1921-1982) மன்னார்குடியை அடுத்த தேவங்குடியில் பிறந்தவர். கும்பகோணம் கல்லூரியில் படித்தவர். காவிரியின் கரையிலேயே அமைந்த அதே கல்லூரி; அதில்தான் கணித மேதை இராமானுசன் 1904இல் சேர்ந்து, கணிதம் தவிர மற்றவற்றில் தோற்று வெளியேறினார். ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்தார். பிறகு அகில இந்திய வானொலியில் கல்வி ஒலிபரப்புப் பிரிவில் பணியாற்றினார். இயற்பியலறிஞர் ஜார்ஜ் காமோவ் பூமியைப் பற்றி எழுதிய நூலைத் தமிழாக்கியவரும் இவரே. இதை அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. சிட்டியுடன் சேர்ந்து குடகு முதல் கடல் வரை காவிரியைத் தொடர்ந்து சென்று ‘நடந்தாய் வாழி காவேரி’ என்ற நூலையும் 1971இல் தந்தார்.

அவருடைய ‘சிலிர்ப்பு’ கதையும் ரயில் பெட்டியில் நடப்பதே. தந்தையும் சிறு மகனும் பயணம் செய்கிறார்கள். எதிரே ஒரு சிறுமி. வீட்டுவேலைக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பப்படுகிறாள். சிறுவன் தின்னாமல் கையிலேயே வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை அவளிடம் கொடுத்துவிடுகிறான். வறுமை கொடியது என்ற சொற்பொழிவு இல்லை. குழந்தையை வேலைக்கு அனுப்பலாமா என்ற வாதம் இல்லை. ஒரு பழம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது. அந்தப் பழத்தை ஆசிரியர் கதையின் தொடக்கத்திலேயே நம் கண்ணில் காட்டி, நாம் மறக்காத அளவுக்கு மட்டும் இடையிடையே நினைவூட்டிக்கொண்டு வருகிறார் என்பதை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன். ஏலாக்குறிச்சியில் நனைந்த கொள்ளிக்கட்டை செய்த வேலையை இங்கே ஒரு பழம் செய்கிறது; அங்கே சிரிப்பு, இங்கே வேறு.

இவற்றையெல்லாம் நான் அந்த மாணவரிடம் ஒரே நாளில் சொல்லிவிடவில்லை. சொல்லியிருந்தால் ஓடியிருப்பார். ‘சிலிர்ப்பு’ கதையின் படியை மட்டும் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துத் தம் கதையைத் திருத்திக்கொண்டு வந்தார்.

நிலவைத் தேய்பிறை அட்டமிக்கு மாற்றியிருந்தார். மாற்றியதும் ஒரு தொல்லை வந்ததாம். நள்ளிரவில் அப்போதுதான் எழும் அரை நிலவில், தென்னந்தோப்புக்குப் பின்னால், வரப்பே தெரியாது. தந்தையின் முகம் எப்படித் தெரியும்? ஆகவே கையில் ஒரு பேட்டரி விளக்கு வேண்டியதாயிற்று. விளக்கு வந்ததும் அதை யார் பிடிப்பது என்ற கேள்வி எழுந்தது. தந்தை மண்வெட்டி பிடிக்க வேண்டும். ஆகவே மகன்தான் பிடிக்க வேண்டும். இப்போது கதையில் மகன் விளக்கை மடையின்மேல் காட்டுகிறான். நீர் பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருப்பது தெரிகிறது. தந்தை ஒன்றும் பேசவில்லை. மகன் விளக்கை மெல்ல உயர்த்துகிறான். தந்தையின் மார்பளவுக்கு வந்ததும், அதற்குமேல் உயர்த்தாமல் அணைத்துவிடுகிறான்.

கண்ணீர் என்ற சொல்லே கதையில் இல்லை. பதிவேட்டில் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். கதைத் தாள்களை நான் இன்னும் திருப்பித் தரவில்லை.